உமிச்சாம்பலும் இடிபாட்டு ஜல்லியும் கான்கிரீட்டை வலுவாக்குமா?

கேள்வி இதுதான்: உமிச்சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல், உடைந்த கண்ணாடி, இடித்த கட்டடத்தின் கான்கிரீட் இவற்றையெல்லாம் கலந்தால் கான்கிரீட் வலுவாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? எதை, எவ்வளவு, எப்படிக் கலக்க வேண்டும்?

வலுவாகும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாக் கழிவுக்கும் அது பொருந்தாது. சில கழிவுகள் சிமென்ட்டோடு வேதிவினை புரிந்து வலிமையைக் கூட்டுகின்றன. சில, மணலுக்கோ ஜல்லிக்கோ பதிலாக இடத்தை நிரப்புவதோடு நின்றுவிடுகின்றன. சில கெடுதல்தான் செய்கின்றன. ஒரே பொருள்கூட எரித்த விதத்தையும் அரைத்த விதத்தையும் பொறுத்து இந்த மூன்றில் எதுவாகவும் ஆகலாம். இந்த விஷயத்தில் வரும் குழப்பத்தில் பாதி, "எத்தனை சதவீதம் கலக்கலாம்?" என்று எடுத்தவுடன் கேட்பதால்தான் வருகிறது. அதற்கு முன்பு "இந்தச் சாம்பல் எப்படி உண்டானது?" என்று கேட்க வேண்டும்.

சிமென்ட்டைக் குறைப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் இந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது. சூளையைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக எரிக்கும் எரிபொருள் அதற்கு ஒரு காரணம். பெரிய பங்கு சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருளைக் கொடுத்தாலும் இந்த 44 கிலோ வெளியேறத்தான் செய்யும். ஆகவே சூளையிலிருந்து வரும் கிளிங்கரை (அரைத்தால் சிமென்ட்டாகும் சுட்ட கட்டிகளை)க் குறைவாகப் பயன்படுத்தி, அதே வேலையை வேறொரு பொருளிடம் வாங்குவதுதான் நேரான வழி.

அந்த வேறொரு பொருள் எப்படி வேலை செய்கிறது? சிமென்ட்டில் தண்ணீர் சேர்ந்ததும் இரண்டு முக்கியமான பொருள்கள் உருவாகின்றன. ஒன்று கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். கான்கிரீட்டின் வலிமை பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமென்ட் பசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். வலிமைக்கு இது அதிகம் உதவுவதில்லை. ஜல்லியைச் சுற்றியுள்ள மெல்லிய படலத்தில் தட்டுத் தட்டாகப் படிந்து அந்த இடத்தைப் பலவீனமாக்குகிறது. தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து போகவும் கூடியது.

இந்தச் சுண்ணாம்புக்கு, படிகமாகாத நுண்ணிய சிலிக்காவைக் கொடுத்தால் இரண்டும் ஈரத்தில் வினைபுரிந்து மறுபடியும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டாக மாறுகின்றன. பலன் தராமல் இருந்த சுண்ணாம்பு பசையாகிவிடுகிறது, நுண்துளைகளும் அடைபடுகின்றன. இதைப் பொஸ்ஸோலான் வினை என்பார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள போட்ஸுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பெயர் அது. ரோமானியர்கள் அந்த வகைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டினார்கள். கி.பி. 128 வாக்கில் முடிந்த பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் ஒரு கம்பிகூட இல்லாமல் இன்றும் நிற்கிறது. இன்று உமியிலும் கரும்புச் சக்கையிலும் நாம் தேடுவது அந்த எரிமலைச் சாம்பல் செய்த வேலையைத்தான்.

விவசாயக் கழிவுகளில் மிகச் சிறந்தது உமிச்சாம்பல் என்பது என் கருத்து. நெற்பயிர் மண்ணிலுள்ள கரைந்த சிலிக்காவை வேர் வழியாக எடுத்து உமியில் சேர்த்து வைக்கிறது. நெல்லின் எடையில் சுமார் 20 சதவீதம் உமி. உமியை எரித்தால் அதன் எடையில் சுமார் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா இருக்கும். வேறெந்தப் பயிரின் சாம்பலும் இதற்கு அருகில்கூட வருவது அரிது.

ஆனால் சிலிக்கா இருந்தால் மட்டும் போதாது, அது படிகமாகாமல் இருக்க வேண்டும். ஆற்று மணலும் பெரும்பாலும் சிலிக்காதான், ஆனால் சுண்ணாம்போடு அது வினைபுரிவதே இல்லை. 500 முதல் 700 டிகிரிக்குள், போதிய காற்றோடு எரித்தால் உமியின் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்பிலேயே தங்கிவிடும். சூடு இதற்கு மேலே ஏறி, அங்கேயே நெடுநேரம் இருந்தால் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும். அப்படி மாறிய சாம்பலை எவ்வளவு அரைத்தாலும் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. சூடு குறைந்தாலும் காற்று போதாமல் போனாலும் வேறொரு சிக்கல்: கரி எரியாமல் மிஞ்சிச் சாம்பல் கறுப்பாகிவிடும். அந்தக் கரி கலவையின் தண்ணீரையும், இளக்கத்துக்காகச் சேர்க்கும் அட்மிக்ஸரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

உமியிலுள்ள பொட்டாசியத்துக்கும் இதில் பங்கு உண்டு. அது சிலிக்காவைச் சீக்கிரமே உருகச் செய்வதால், கரி அந்த உருகலுக்குள் மாட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அது வெளியே வராது. எரிப்பதற்கு முன் உமியைத் தண்ணீரிலோ மெல்லிய அமிலத்திலோ ஊறவைத்துக் கழுவினால் பொட்டாசியம் குறைந்து வெள்ளையான சாம்பல் கிடைக்கும். கழுவவும் உலர்த்தவும் செலவாகும் என்பதால் எல்லா இடத்திலும் இது கட்டுப்படியாகாது. வைக்கோல் சாம்பலில் பொட்டாசியத்தோடு குளோரைடும் கூடுதலாக இருக்கும். குளோரைடு கம்பியை அரிக்கும். அதனால் கழுவாத வைக்கோல் சாம்பலைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் போடவே கூடாது.

எரித்த விதத்துக்கு அடுத்தபடி அரைப்பது. உமிச்சாம்பலின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் உமியின் செல்கள் இருந்த இடமெல்லாம் துளைகளாக, ஸ்பாஞ்சைப் போல இருக்கும். வினை புரிவதற்கான பரப்பு துகளின் உள்ளேயும் இருப்பதால் இந்தச் சாம்பல் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. தண்ணீரை இழுத்துக்கொள்வதும் இதனால்தான். பந்து அரவை இயந்திரத்தில் அரைத்து, 45 மைக்ரான் சல்லடையில் பெரும்பகுதி இறங்கிவிடும் அளவுக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் தேவை ஓரளவு குறையும், வலிமையும் சீராக வரும். 1970களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பி.கே. மேத்தா கட்டுப்பாடாக எரித்த உமிச்சாம்பலை ஆராய்ந்தார். அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த சோதனைகள் ஏறத்தாழ ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. சிமென்ட்டின் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை நல்ல உமிச்சாம்பலால் மாற்றினால் 28 நாள் வலிமை குறைவதில்லை, பல நேரங்களில் கூடவும் செய்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தண்ணீர் தேவையைச் சமாளிப்பது கடினமாகிவிடும்.

கரும்புச் சக்கைச் சாம்பல் வேறு மாதிரி. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரிப்பது நீராவிக்காக. சாம்பலின் தரம் யாருடைய கவலையும் இல்லை. அதனால் அதில் பாதி எரிந்த நார்த் துண்டுகள் இருக்கும், வயல் மணல் குவார்ட்ஸாக வந்து சேர்ந்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், எரியாத நார்த் துண்டுகள் பெரியவை, இலேசானவை. 300 மைக்ரான் சல்லடையில் சலித்தாலே பெரும்பகுதி மேலே நின்றுவிடும். கீழே இறங்கியதைச் சிமென்ட் அளவுக்கு அரைத்தால் நல்ல பொஸ்ஸோலான் கிடைக்கிறது. திரும்பச் சுட வேண்டியதில்லை என்பதால் செலவும் ஆற்றலும் மிச்சம். பனை எண்ணெய் ஆலைச் சாம்பலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மக்காச்சோளக் கதிர்த்தண்டின் சாம்பலில் சிலிக்கா குறைவு, பொட்டாசியம் அதிகம். அதை நான் கட்டமைப்புக் கான்கிரீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, கலவைக்கு வருவோம். ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், 157 லிட்டர் தண்ணீர் கொண்ட கலவை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45. இதில் 15 சதவீதம், அதாவது 52 கிலோ சிமென்ட்டை எடுத்துவிட்டு 52 கிலோ உமிச்சாம்பல் போடுகிறோம். எடை சமம், கன அளவு சமமில்லை. சிமென்ட்டின் ஒப்படர்த்தி 3.15, உமிச்சாம்பலுக்குச் சுமார் 2.1. எனவே 16 லிட்டர் சிமென்ட்டை எடுத்த இடத்தில் 25 லிட்டர் சாம்பல் வந்து உட்காருகிறது. கூடுதலான 8, 9 லிட்டருக்கு ஈடாக 22 கிலோ போல மணலைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரு கன மீட்டருக்கு மேல் கலவை வரும், கணக்கு முழுவதும் தப்பாகும். சிமென்ட் ஒரு கிலோவுக்கு 0.8 முதல் 0.9 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், இந்த ஒரு மாற்றத்தில் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் மிச்சமாகிறது.

அடுத்து தண்ணீர். சாம்பல் போட்ட கலவை இறுக்கமாக இருக்கும். வேலை செய்பவர் குழாயைத் திறந்துவிட்டால் எல்லாப் பலனும் போய்விடும். தண்ணீர்-சிமென்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். 157 லிட்டர் 180 ஆனால் விகிதம் 0.45-லிருந்து 0.51-க்கு ஏறும். சாம்பல் கூட்டிய வலிமையைவிட அந்தத் தண்ணீர் குறைக்கும் வலிமை அதிகம். இளக்கம் வேண்டுமென்றால் சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும், தண்ணீரை ஏற்றக் கூடாது. அட்மிக்ஸர் கிடைக்காத இடத்தில் உமிச்சாம்பலை 5 முதல் 8 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

அப்புறம் கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. பொஸ்ஸோலான் வினை நடக்கச் சுண்ணாம்பும் வேண்டும், ஈரமும் வேண்டும். சுண்ணாம்பு சிமென்ட்டிலிருந்து உருவாக நேரம் ஆகும், அதுவரை ஈரம் இருந்தாக வேண்டும். வெறும் சிமென்ட் கான்கிரீட்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் சமாளித்துவிடலாம். சாம்பல் கலந்ததற்கு 10 முதல் 14 நாள் தேவை. நிலக்கரிச் சாம்பல் கலந்தது ஆரம்பத்தில் மெதுவாகவே வலுப்பெறும், 28 நாளுக்குப் பிறகும் பல மாதங்கள் வலிமை ஏறிக்கொண்டே இருக்கும். அதை 56 அல்லது 90 நாளில் சோதிப்பதுதான் முறை. உமிச்சாம்பல் அப்படி இல்லை, 7 நாளிலேயே பலன் காட்டத் தொடங்கிவிடும்.

தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை ஏற்கெனவே நன்கு நிலைபெற்றவை. இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடைத் தண்ணீரில் திடீரெனக் குளிர்வித்து அரைத்தால் அது சிமென்ட்டில் பாதிக்கும் மேலான பங்கைக்கூட மாற்ற வல்லது. ஃபெரோசிலிக்கான் உலைகளின் புகையில் வரும் சிலிக்கா ஃப்யூம் சிமென்ட் துகளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. 5 முதல் 10 சதவீதம் போட்டாலே துளைகளை அடைத்து மிக உயர்ந்த வலிமையைத் தரும். ஆனால் அது எங்கும் தாராளமாகக் கிடைப்பதில்லை. நன்றாக எரித்து அரைத்த உமிச்சாம்பல் அதன் இடத்தைப் பெரும்பாலும் நிரப்ப முடியும் என்பதால்தான் இந்தச் சாம்பல்மீது எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

இனி இடிபாடு. பழைய கான்கிரீட்டை உடைத்துக் கிடைக்கும் ஜல்லியில் கல் மட்டும் இருப்பதில்லை, அதில் ஒட்டிய பழைய சாந்தும் இருக்கிறது. அந்தச் சாந்து துளைகள் நிறைந்தது. சாதாரணக் கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் உறிஞ்சினால், இடிபாட்டு ஜல்லி 3 முதல் 10 சதவீதம் வரை உறிஞ்சும். ஒரு கன மீட்டர் கலவையில் 5 சதவீதம் உறிஞ்சும் ஜல்லியை 300 கிலோ உலர்வாகப் போட்டால் அது 15 லிட்டரை விழுங்கிவிடும். கலவை இறுகும், யாராவது கண்ணளவில் தண்ணீர் ஊற்றுவார்கள், அடுத்த லோடில் ஜல்லி ஈரமாக வந்தால் அதே அளவு தண்ணீர் அதிகமாகிவிடும். இடிபாட்டு ஜல்லிக் கான்கிரீட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஜல்லி இல்லை, இந்தத் தண்ணீர்க் கணக்குதான். முந்தின நாளே ஜல்லியை நனைத்து வைத்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலையில் பயன்படுத்தினால் சிக்கலில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

இன்னொரு வழி, கலக்கும் வரிசையை மாற்றுவது. ஜல்லியையும் மணலையும் பாதித் தண்ணீரோடு முதலில் சுற்றவிட்டு, பிறகு சிமென்ட்டைச் சேர்த்து, கடைசியில் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். இப்படிச் செய்தால் முதலில் உண்டாகும் கெட்டியான பசை பழைய சாந்தின் துளைகளிலும் வெடிப்புகளிலும் போய் அமர்ந்து அந்தப் படலத்தை உறுதியாக்குகிறது. சிமென்ட்டோடு சாம்பலும் இருந்தால் இன்னும் நல்லது, பழைய சாந்திலுள்ள சுண்ணாம்போடும் அது வினைபுரியும். கூடுதல் செலவே இல்லாத இந்த முறையைத் தளங்களில் அதிகம் கையாளாதது எனக்கு வருத்தம்தான். கரியமில வாயு நிறைந்த அறையில் ஜல்லியை வைத்துப் பதப்படுத்தும் முறையும் வளர்ந்து வருகிறது. வாயு பழைய சாந்துக்குள் புகுந்து கால்சியம் கார்பனேட்டாகிறது, துளைகள் அடைபட்டு ஜல்லி உறுதியாகிறது, வாயுவும் அங்கேயே பூட்டப்படுகிறது.

அளவைப் பொறுத்தவரை, பெருஜல்லியில் 20 முதல் 30 சதவீதம் வரை மாற்றினால் வலிமையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பல நாடுகளின் தரநிர்ணயங்களும் கட்டமைப்புக் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் நிற்கின்றன. முழுவதும் மாற்றினால் வலிமை குறையும். உலரும்போது சுருங்குவதும் கூடும், பாரம் தாங்கும்போது வளைவதும் கூடும். இடிபாட்டில் ஜிப்சம் பூச்சு கலந்திருந்தால் சல்பேட் சேர்ந்து, பிறகு கான்கிரீட் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். மரம், பிளாஸ்டிக், ஜிப்சம் மூன்றையும் இடிக்கும்போதே பிரித்துவிட வேண்டும். இடித்த பிறகு பிரிப்பது பல மடங்கு வேலை.

ஜல்லியாக்கும்போது விழும் நுண்தூளுக்கும் இப்போது மதிப்பு வந்திருக்கிறது. பழைய சிமென்ட் பசையைத் தனியே பிரித்து, இரும்பைப் புதுப்பிக்கும் மின்வில் உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டால், மேலே மிதக்கும் கசடு ஏறத்தாழப் புதிய கிளிங்கராகவே வெளிவருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. இரண்டாம் முறை சுடும்போது சுண்ணாம்புக்கல் இல்லை என்பதால் அந்த 44 கிலோ கணக்கும் இல்லை. இந்தத் துறையில் சமீபத்தில் வந்த யோசனைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கண்ணாடி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டுகளை மணலுக்குப் பதிலாகப் போட்டால், சிமென்ட்டின் காரமும் கண்ணாடியின் சிலிக்காவும் வினைபுரிந்து ஒரு கூழ் உண்டாகிறது. அது தண்ணீரை உறிஞ்சி வீங்கி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. இந்தக் கார-சிலிக்கா வினையை 1940-ல் கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் அடையாளம் கண்டார். ஆனால் அதே கண்ணாடியை 75 மைக்ரானுக்குக் கீழே மாவாக அரைத்தால் அது நல்ல பொஸ்ஸோலானாகிவிடுகிறது. துகள் சிறிதானால் வினை சீக்கிரமே, கான்கிரீட் இறுகும் காலத்திலேயே பரவலாக நடந்து முடிந்துவிடும். பின்னால் ஓரிடத்தில் திரண்டு வீங்க எதுவும் மிஞ்சாது. சுட்ட ஓடு, செங்கல், பீங்கான் உடைசலை மாவாக்கினாலும் பொஸ்ஸோலான்தான், கண்ணாடியைப் போன்ற இந்த அபாயமும் இல்லை.

டயர் ரப்பர், பிளாஸ்டிக் துண்டுகள் கலந்தால் வலிமை குறையும். சிமென்ட் பசை அவற்றில் ஒட்டாது. ரப்பர் அதிர்ச்சியைத் தாங்க உதவும் என்பதால் சில தடுப்புகளுக்கும் நடைபாதைகளுக்கும் பொருந்தும். "வலுவான கான்கிரீட்" என்ற பேச்சில் இவற்றைச் சேர்ப்பது சரியில்லை.

எரிக்காத தாவரக் கழிவை அப்படியே போடுவது பலருக்கும் வரும் ஆசை. தடை சர்க்கரை. சிமென்ட் எடையில் 0.1 சதவீதம் சர்க்கரையே இறுகும் நேரத்தை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். 1 சதவீதம் போனால் கலவை ஒழுங்காக இறுகாமலே போகலாம். புதிய கரும்புச் சக்கை, மரத்தூள், காப்பிச் சக்கை எல்லாவற்றிலும் சர்க்கரையோ அது போன்ற கரையும் பொருள்களோ உண்டு. தேங்காய் ஓட்டில் இந்தத் தொந்தரவு குறைவு. ஒரு நாள் ஊறவைத்துப் பெருஜல்லிக்குப் பதிலாகப் போட்டால், கன மீட்டருக்கு 2,000 கிலோவுக்கும் குறைவான இலேசான கான்கிரீட், 20 மெகாபாஸ்கலுக்கு (வலிமையை அளக்கும் அலகு) அருகிலான வலிமையோடு கிடைக்கும். சுவர்க் கட்டிகளுக்கு அது தாராளம்.

தேங்காய் நார், சணல், கற்றாழை நார் ஆகியவை ஆரம்பகாலச் சுருக்க வெடிப்புகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் கான்கிரீட்டின் காரத்தன்மை ஆண்டுகள் செல்லச் செல்ல நாரை அரித்து நொறுங்க வைக்கும். லிக்னின் அதிகம் இருப்பதால் தேங்காய் நார் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். இங்கே உமிச்சாம்பல் மறுபடி உதவுகிறது. அது சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் நாரைச் சுற்றியுள்ள காரம் குறைந்து நாரின் ஆயுள் கூடுகிறது. இரண்டு கழிவுகள் ஒன்றின் குறையை ஒன்று போக்கும் இது போன்ற சேர்க்கைகளைத்தான் ஆராய்ச்சி மாணவர்கள் இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

காப்பிச் சக்கை பற்றி 2023-ல் செய்தி பரவியது நினைவிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகக் குழு, பயன்படுத்திய காப்பித்தூளைக் காற்றில்லாமல் 350 டிகிரியில் கரியாக்கி, மணலில் 15 சதவீதத்துக்குப் பதிலாகப் போட்டு, ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் அமுக்க வலிமை கண்டது. கரியாக்காமல் போட்டபோது வலிமை குறைந்தது. 500 டிகிரியில் கரியாக்கியபோதும் பலன் குறைவுதான். கரியின் துளைகள் முதலில் தண்ணீரைப் பிடித்து வைத்து, இறுகும்போது மெல்ல விடுகின்றன, அதாவது உள்ளிருந்தே கியூரிங் நடக்கிறது. மேலே கரி மிஞ்சினால் கெடுதல் என்றேனே, அது சாம்பலுக்குள் கட்டுப்பாடில்லாமல் மாட்டிய கரி. இது அளவோடும் ஈரத்தோடும் திட்டமிட்டுச் சேர்த்தது. ஆய்வகத்தில் வந்த இந்த 30 சதவீதத்தை நம்பி உத்தரங்களை மெலிதாக்கக் கூடாது, நீடித்த உழைப்புச் சோதனைகள் கடந்தாக வேண்டும்.

இனி மறுபக்கம். சாம்பல் சுண்ணாம்பைத் தின்பதால் துளைகள் அடைபடுகின்றன, கடல் உப்பின் குளோரைடு உள்ளே புகுவது வெகுவாகக் குறைகிறது. கடலோரக் கட்டுமானத்துக்கு இது பெரிய வரம். அதே சுண்ணாம்புதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தையும் தாங்கி நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும், காரத்தன்மை அளவு (pH) 9-க்குக் கீழே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். சுண்ணாம்பு குறைந்த கான்கிரீட்டில் இந்த ஊடுருவல் வேகமாக நடக்கலாம். எனவே மாற்று அதிகமாக இருந்தால் தண்ணீர் விகிதத்தைக் குறைத்து, கம்பிக்கு மேல் கவரை, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனைக் கூட்டி, கியூரிங்கை முழுமையாகச் செய்ய வேண்டும். மூன்றும் முடியாத இடத்தில் மாற்றின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அளவுப் பற்றாக்குறையும் உண்டு. உலகில் ஆண்டுக்கு 75 முதல் 80 கோடி டன் நெல் விளைகிறது. அதன் உமி முழுவதையும் ஒரு பிடி விடாமல் எரித்தாலும் 3 கோடி டன் சாம்பல்தான் தேறும். 400 கோடி டன் சிமென்ட்டுக்கு முன் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஊதுலைக் கசடும் ஏற்கெனவே பெரும்பாலும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆகவே உலகளாவிய தீர்வு உமிச்சாம்பல் ஒன்றிலேயே இல்லை. சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து கிளிங்கரைப் பாதியாக்கும் எல்சி3 போன்ற சிமென்ட்டுகள்தான் அந்தப் பெரும் பாரத்தைச் சுமக்க முடியும். உமிச்சாம்பலை அது கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே, நீர் புகாமை தேவைப்படும் தொட்டி, கால்வாய், கடலோர அடித்தளம் போன்றவற்றுக்குப் பயன்படுத்துவது அறிவுடைமை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோனால் மிச்சப்படுத்திய கரியமில வாயுவில் ஒரு பங்கு டீசலில் போய்விடும்.

வலிமை கூடுவதை மட்டும் வெற்றி என்று எண்ணாதீர்கள். ஒரு மெகாபாஸ்கல் வலிமைக்கு எத்தனை கிலோ சிமென்ட் செலவானது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 350 கிலோ சிமென்ட்டில் 35 மெகாபாஸ்கல் என்றால் ஒன்றுக்கு 10 கிலோ. 298 கிலோ சிமென்ட்டும் 52 கிலோ சாம்பலும் அதே 35-ஐத் தந்தால் 8.5 கிலோ. வலிமை எண் மாறவில்லை என்றாலும் இரண்டாவது கலவை மேலானது. கூடுதல் வலிமை கிடைத்தால் அதைக் கொண்டு சிமென்ட்டை மேலும் குறைக்கலாம், வடிவமைப்புப் பொறியாளர் ஒத்துக்கொண்டால் தூணின் அளவையும் குறைக்கலாம். இதைச் செய்யாமல் 25 தேவைப்படும் இடத்தில் 40 வந்தது என்று மகிழ்ந்து அப்படியே விட்டுவிட்டால் சுற்றுச்சூழலுக்கு அதனால் லாபமில்லை.

தொடங்குபவருக்கு என் யோசனை: கான்கிரீட்டுக்குப் போவதற்கு முன் சாந்துக் கட்டிகளில் சோதியுங்கள். வெறும் சிமென்ட் போட்ட ஒரு தொகுதி, 20 சதவீதம் சாம்பல் போட்ட ஒரு தொகுதி. 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தரநிர்ணயமான ஏஎஸ்டிஎம் சி618-ன்படி, சாம்பல் கட்டி முதல் தொகுதியின் வலிமையில் குறைந்தது 75 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். நல்ல உமிச்சாம்பல் 100 சதவீதத்தைத் தாண்டும். சாம்பலை 750 டிகிரியில் சுட்டு எடை இழப்பையும் அளக்கச் சொல்லுங்கள். அது 6 சதவீதத்துக்கு மேலே போனால் கரி அதிகம் என்று பொருள். எக்ஸ்-கதிர் சோதனைக்கு வசதி இருந்தால் சிலிக்கா படிகமாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். படிகமான சாம்பலைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். நல்ல சாம்பலாக இருந்தாலும் அரைக்கும்போதும் மூட்டையைக் கொட்டும்போதும் துணி கட்டினால் போதாது, நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

இந்தச் சோதனைகளை ஒரு முறை செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த லோடு வேறு ஆலையிலிருந்தோ, அதே ஆலையில் வேறு பருவத்திலோ வந்திருந்தால் அது வேறு சாம்பல். எடை இழப்புச் சோதனையையும் 7 நாள் சாந்துக் கட்டிச் சோதனையையும் அந்த லோடுக்கும் செய்து, முடிவு வந்த பிறகே மிக்ஸரில் போடச் சொல்லுங்கள்.